சனி, ஞாயிறு இரண்டு நாளில் ஹாக்கியும் சிறுவர் கால்பந்தும்: மதுரைப் பக்கத்து மன்றங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மதுரையிலும் சுற்றுப்பக்கத்து ஊர்களிலும் ஹாக்கி ஆடும் மன்றங்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளி அல்லது கல்லூரி மைதானத்தை நம்பியே இருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்கள் விடிகாலையில் வந்து ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போவார்கள். அதே மண்ணில் மாலையில் சிறுவர்கள் கால்பந்து பழகுவார்கள். இந்த இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு சனி, ஞாயிறில் போட்டி நடத்தினால் பந்தல், மைக், தண்ணீர், முதலுதவி என்று எல்லாச் செலவும் பாதியாகும். ஹாக்கி ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பிள்ளைகளோடு வரும் பெற்றோர்கள்தாம் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் கூட்டம்.

2025 நவம்பர், டிசம்பரில் ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, 24 நாடுகள் கலந்துகொண்ட அந்தப் போட்டிக்காக மதுரை ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் போடப்பட்ட நீல நிறச் செயற்கைத் தரையை நம் ஊர்ப் பிள்ளைகள் நேரில் பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு ஹாக்கி மட்டையைத் தொட்டுப் பார்க்க வருகிற சிறுவர்களை எங்கள் மைதானத்தில் அதிகமாகவே காண்கிறேன். ஆனால் மன்ற ஹாக்கி இன்னும் மண் தரையில்தான் நடக்கிறது. இந்த வழிகாட்டியும் மண் தரைக்கானதுதான். கணக்குக்கு வசதியாக 6 ஹாக்கி அணிகள், 12 வயதுக்கு உட்பட்டோருக்கான 8 கால்பந்து அணிகள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எல்லா முடிவுகளையும் வெயிலைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி; கீழே வருவதில் பெரும்பகுதி அதிலிருந்து பிறந்ததுதான்.

நாள் பார்த்தல்

ஏப்ரல், மே மாதங்களை முதலிலேயே தள்ளிவிடுங்கள். விடுமுறை என்பதால் பிள்ளைகள் கிடைப்பார்கள். ஆனால் காலை எட்டரை மணிக்கே மண் சுடத் தொடங்கிவிடும். சித்திரைத் திருவிழா நாட்களில் நகருக்குள் வண்டி நுழையவும் வழியிராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நடப்பதால் அந்த வாரத்தில் ஆட்களைத் திரட்ட முடியாது. மார்ச்சில் பொதுத்தேர்வு.

மிஞ்சுவது இரண்டு இடைவெளிகள்: ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய ஒன்று, ஜூலை, ஆகஸ்ட் மற்றொன்று. முதலாவதே சிறந்தது. இரண்டாவதில் ஆடிக் காற்று புழுதியைக் கிளப்பும், கட்டிய ஃபிளெக்ஸ் ஒன்றும் நிற்காது. ஆனாலும் ஆட்டம் நடத்தலாம். எந்த மாதமானாலும் நாட்காட்டியில் முகூர்த்த நாளா என்று பார்த்துவிடுங்கள். முகூர்த்த ஞாயிறன்று வேனும் கிடைக்காது, நடுவரும் கிடைக்க மாட்டார், உங்கள் அணியின் சென்டர் ஃபார்வர்டும் மாப்பிள்ளைத் தோழனாகப் போயிருப்பார்.

தேதி முடிவானதும், கல்வி நிறுவனத்தின் மைதானமானால் அதன் தலைமைக்கும், அரசு மைதானமானால் மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வாய்ச்சொல்லை நம்பி அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டாம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி தனியாக வேண்டும்.

தரையைத் தயார் செய்தல்

ஹாக்கி ஆடுகளம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். அதைச் சுற்றி ஓடி நிற்க நான்கைந்து மீட்டராவது வெற்றிடம் வேண்டும். திருமங்கலம் பக்கம் கரிசல் மண். காய்ந்தால் வெடிப்பு விடும், நனைந்தால் ஷூவோடு ஒட்டிக்கொண்டு வரும். மேலூர் பக்கத்துச் செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் உள்வாங்கிக்கொள்ளும், ஆனால் பொடிக்கல் அதிகம். கரிசலுக்கு வெடிப்பை மணல் கலந்து அடைத்து உருளை ஓட்ட ஒரு வாரம் தேவைப்படும். செம்மண்ணுக்குக் கல் பொறுக்குவதே பெரிய வேலை.

கல் பொறுக்குவதற்கு மாலை ஐந்தரை மணியைப் போல நல்ல நேரம் கிடையாது. சாய்ந்த வெயிலில் மிளகளவுக் கல்லுக்கும் நீளமாக நிழல் விழும். பத்துப் பேர் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு பையுடன் சூரியனைப் பார்த்தபடி மெதுவாக நடந்தால், நடுப்பகலில் கண்ணுக்குத் தெரியாத கற்களெல்லாம் தாமாகவே காட்டிக்கொடுக்கும். அது முடிந்ததும் ஒரு ஹாக்கிப் பந்தை எடுத்து, கோல் வட்டத்துக்குள் (கோலுக்கு முன்னால் வளைவாகப் போடும் கோட்டுக்குள்; இதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல்) நாலாபுறமும் தரையோடு தள்ளிப் பாருங்கள். பந்து கணுக்காலுக்கு மேல் எகிறுகிற இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, அங்கே மறுபடியும் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுங்கள். மைதானம் முழுவதற்கும் இதைச் செய்ய நேரமில்லை என்றால் இரண்டு வட்டங்களுக்குள்ளாவது செய்தே தீர வேண்டும். பெனால்டி கார்னரில் (தடுக்கும் அணியின் தவறுக்குத் தண்டனையாக, கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டுக் கோலுக்கு அடிக்கும் வாய்ப்பு இது) பாய்ந்து வரும் பந்து குழியில் பட்டு முகத்துக்கு எழும்புவது அங்கேதான்.

இனி ஒரு சிக்கலான விஷயம். ஹாக்கிக்குச் சமதரை வேண்டும். கால்பந்துக் காலணியின் ஆணி அந்தத் தரையைக் கொத்திவிடும். எனவே ஹாக்கி இறுதியாட்டம் முடியும்வரை அந்தக் களத்தில் கால்பந்துக்கு இடம் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எழுவர் ஆட்டமே போதும். அதற்கு ஏறத்தாழ 55 மீட்டருக்கு 37 மீட்டர் களம் வேண்டும். ஹாக்கி களத்தின் நீண்ட பக்கத்தை ஒட்டி, இரண்டு சிறு களங்களை, அவற்றுக்கு நடுவில் 8 மீட்டர் இடைவெளி விட்டு, குறுக்காகப் போட்டால் மொத்தம் 82 மீட்டர்தான் ஆகிறது. ஓடுபாதையுடன் கூடிய கல்லூரி வளாகங்களில் பெரும்பாலும் இந்த இடம் கிடைத்துவிடும்.

எக்காரணத்தைக் கொண்டும் ஹாக்கி கோலுக்குப் பின்புறம் சிறுவர் களத்தைப் போடாதீர்கள். ஹாக்கிப் பந்தின் எடை 156 கிராமிலிருந்து 163 கிராம் வரை, கல் போன்றது. கோலைத் தவறவிட்ட அடி எல்லாம் பின்பக்கம்தான் போகும். பக்கவாட்டிலும் இடையே 15 மீட்டராவது விட்டு, சவுக்குக் கம்புகளை நட்டு வலை கட்டுங்கள். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் யாரையாவது தெரிந்திருந்தால் பழைய மீன்வலை கேட்டு வாங்கலாம். கடையில் விற்கும் விளையாட்டு வலையைவிட அது நன்றாக உழைக்கிறது. இவ்வளவு இடம் இல்லாத மைதானமானால் இரண்டு ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் நடத்தும் எண்ணத்தையே விட்டுவிட்டு, சனிக்கிழமை முழுவதும் ஹாக்கி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கால்பந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கோடு போடுதல்

வெள்ளிக்கிழமை மாலையே கோடு போட்டுவிட வேண்டும். சுண்ணாம்பு வேண்டாம், விழுந்து எழும் பிள்ளைகளின் கண்ணில் பட்டால் எரித்துவிடும். வாசலில் கோலம் போடும் வெள்ளைக் கல்மாவை மூட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் முறையே போதும். ஒரு பக்கம் 9 மீட்டர், மறு பக்கம் 12 மீட்டர் அளந்து, குறுக்கே 15 மீட்டர் கயிறு சரியாக உட்கார்ந்தால் அது நேர்மூலை. கோல் கம்பங்களுக்கு இடையே 3.66 மீட்டர், குறுக்குக் கம்பத்தின் உயரம் 2.14 மீட்டர். வட்டத்தைப் பலரும் கோலின் நடுவிலிருந்து கயிறு பிடித்துப் போட்டுவிடுகிறார்கள், அது தவறு. ஒவ்வொரு கம்பத்தின் உள்பக்க முன்மூலையிலும் கயிற்றைப் பிடித்து 14.63 மீட்டரில் ஒரு கால்வட்டம் போட வேண்டும். பிறகு அந்த இரண்டு கால்வட்டங்களையும் 3.66 மீட்டர் நேர்கோட்டால் இணைக்க வேண்டும். நடுவிலிருந்து போட்டால் வட்டம் இரு பக்கமும் சுருங்கிப்போய், உள்ளே அடித்த கோலை வெளியே என்று அம்பயர் சொல்ல நேரும். சண்டை அங்கே ஆரம்பிக்கும். கீப்பரை மட்டும் எதிர்த்து ஒருவர் அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்குக்கான புள்ளி கோல் கோட்டிலிருந்து 6.40 மீட்டர். கார்னர் தள்ளிவிடும் குறி அருகிலுள்ள கம்பத்திலிருந்து 10 மீட்டர். 22.90 மீட்டர் கோட்டையும் மறக்காதீர்கள். ஆட்டம் சமனாகி, ஆட்டக்காரர் ஒருவர் கீப்பரைத் தனியாக எதிர்கொள்ளும் ஷூட் அவுட் வந்தால் அங்கிருந்துதான் ஓடி வர வேண்டும்.

சிறுவர் களத்துக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்: தூக்கி வைக்கும் கோல் போஸ்டின் பின்கம்பியில் மணல் மூட்டைகளைப் போட்டு, முளை அடித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கோல் தரையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது கால்பந்து விதியிலேயே இருக்கிறது. குறுக்குக் கம்பியில் தொங்கி விளையாடாத பையனை நான் இன்னும் பார்க்கவில்லை.

அட்டவணை

அட்டவணைதான் இந்த இரண்டு நாளின் உயிர். ஹாக்கி விதிப்படி ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். முதல், மூன்றாம் பகுதிகளுக்குப் பின் 2 நிமிடமும், நடுவில் 5 நிமிடமும் இடைவேளை. லீக் ஆட்டங்களுக்குக் கால்பகுதியை 10 நிமிடமாகக் குறைத்துக்கொண்டால் மொத்தம் 49 நிமிடம். மணிக்கு ஒரு ஆட்டம் தாராளமாக முடியும்.

ஆறு அணிகளை மூன்று மூன்றாக இரண்டு பிரிவாக்குங்கள். சனிக்கிழமை காலை 6:30க்கு முதல் பிரிவின் ஒன்றாம், இரண்டாம் அணிகள். 7:30க்கு இரண்டாம் பிரிவின் ஒன்றும் இரண்டும். 8:30க்கு முதல் பிரிவின் இரண்டும் மூன்றும். மாலை 3:30க்கு இரண்டாம் பிரிவின் இரண்டும் மூன்றும். 4:30க்கு முதல் பிரிவின் ஒன்றும் மூன்றும். 5:30க்கு இரண்டாம் பிரிவின் ஒன்றும் மூன்றும். லீக் ஆட்டங்கள் ஆறும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

இந்த வரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் பிரிவின் இரண்டாம் அணி காலை ஒன்பதரைக்குள் இரண்டு ஆட்டங்களையும் முடித்துவிடுகிறது. சனிக்கிழமை பிற்பகல் வேலைக்குப் போக வேண்டியவர்கள் நிறைந்த அணிக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். இரண்டாம் பிரிவின் மூன்றாம் அணிக்கோ மாலையில் மட்டுமே ஆட்டம். கோவில்பட்டி போன்ற தூரத்து ஊரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே வந்து தங்க வேண்டியிராது. சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான் நியாயம் என்று சிலர் வாதாடுவார்கள். பிரிவைக் குலுக்கிப் போடுங்கள். பிரிவுக்குள் வரும் எண்ணைப் பேசித் தீர்மானியுங்கள்.

ஞாயிறு காலை 6:30க்கும் 7:30க்கும் அரையிறுதிகள். மாலை 4:30க்கு இறுதியாட்டம். அதை மட்டும் முழு 15 நிமிடக் கால்பகுதிகளோடு நடத்துங்கள். 5:40 வாக்கில் முடியும். சமனானால் ஷூட் அவுட். அணிக்கு ஐந்து பேர், ஆளுக்கு 8 விநாடி. நவம்பரையொட்டிய மாதங்களில் நடத்தினால் ஆறு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் மாலை ஆட்டங்களையெல்லாம் அரை மணி முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும்.

கால்பந்தில் 15 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள், இடையில் 5 நிமிடம். ஓர் ஆட்டத்துக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு நான்கு அணிகளாக இரண்டு பிரிவு. சனிக்கிழமை காலை 6:45க்கும் 8:15க்கும் முதல் பிரிவு, 7:30க்கும் 9 மணிக்கும் இரண்டாம் பிரிவு என்று இரண்டு களங்களிலும் மாற்றி மாற்றி ஆடினால், 9:45க்குள் எட்டு ஆட்டங்கள் முடியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு ஆட்டத்துக்கு நடுவே நல்ல ஓய்வும் கிடைக்கும். ஞாயிறு காலை 6:45க்கும் 7:30க்கும் மீதி லீக் ஆட்டங்கள், 8:45க்கு இரண்டு அரையிறுதிகளும் ஒன்றாக. இறுதியாட்டத்தைக் காலையிலேயே வைத்து முடித்துவிடும் ஆசை வரும், வேண்டாம். ஒரே காலையில் மூன்று ஆட்டம் பத்து வயதுப் பிள்ளைக்கு அதிகம். மாலை 3:45க்கு வையுங்கள். ஹாக்கி இறுதிக்குக் கூட்டமும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

விதிகளும் நடுவர்களும்

மண் தரை ஹாக்கிக்குச் சில வரையறைகளை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பெனால்டி கார்னரில் முதல் அடி ஓங்கி அடிக்கும் அடியானால், கோலின் பின்பலகை உயரமான 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. எங்கள் மைதானத்தில் டிராக் ஃபிளிக்குக்கும் (ஓங்காமல், பந்தை மட்டையோடு இழுத்து வீசுவது) அதே உயரத்தைத்தான் வைத்திருக்கிறோம். பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ஆனாலும் மாற்றவில்லை. கார்னரைத் தடுக்கும் ஐந்து பேரில் கீப்பர் நீங்கலாக மற்ற நால்வருக்கும் முகக்கவசம் கட்டாயம். எல்லா அணிகளிடமும் இருக்காது. போட்டி நடத்துகிறவர்களே எட்டு வாங்கி, இரண்டு கோலுக்குப் பின்னாலும் ஒரு கூடையில் போட்டு வைத்துவிட்டால் தீர்ந்தது. பல் காப்பானை அவரவர் கொண்டுவர வேண்டும்.

பச்சை அட்டைக்கு 2 நிமிடம் வெளியே, மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம், சிவப்புக்கு அந்த ஆட்டம் முழுவதும். கால்பகுதி 10 நிமிடமாகச் சுருங்கினாலும் இந்த நேரத்தைக் குறைக்காதீர்கள். ஒரு ஆட்டத்துக்கு அம்பயர் இருவர். அணிக்கு ஒருவரை அம்பயராகத் தரச் சொல்லும் வழக்கம் நம் பக்கம் உண்டு. செலவு மிச்சம்தான், ஆனால் அரையிறுதியில் பங்காளிச் சண்டை போலாகிவிடும். மாவட்டச் சங்கத்தைக் கேட்டு நான்கு பேரை வரவழைத்து, பேருந்துக் கட்டணமும் படியும் சாப்பாடும் கொடுத்துவிடுவது நல்லது. தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையத்திலும், தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் மாட்டுத்தாவணியிலும் இறங்குவார்கள். வண்டியோடு ஓர் ஆளை அனுப்புங்கள்.

சிறுவர் கால்பந்தில் 4ஆம் எண் பந்து. பெரியவர்களுடைய 5ஆம் எண்ணைக் கொடுக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே கட்டும் முன்காப்பு (ஷின் கார்டு) இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. அணிக்குப் பன்னிரண்டு பேர், ஆளை மாற்றிக்கொண்டே இருக்கலாம், ஒவ்வொரு பிள்ளையும் பாதி நேரமாவது ஆட வேண்டும் என்று எழுதிவிடுங்கள். வெற்றி வெறியுள்ள பயிற்சியாளர்கள் இந்தக் கடைசி விதியை மறந்துவிடுவார்கள். ஆகவே எழுத்தர் மேசையில் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்து, யார் எப்போது இறங்கினார் என்று குறிக்கச் சொல்லுங்கள்.

வயதுச் சான்று விஷயத்தில் தயவுதாட்சண்யம் கூடாது. பிறப்புச் சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிப் பார்த்துவிடுங்கள். களத்தில், மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மீசை அரும்பிய ஒருவனை நிறுத்திவைத்து விசாரிப்பது அவனுக்கும் அவமானம். பெற்றோர்கள் நிற்கக் கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். “அடிடா, அடிடா” என்று ஆளாளுக்குக் கத்தினால் பயிற்சியாளர் சொல்வது பையன் காதில் விழாது.

தண்ணீர், சாப்பாடு, காயம்

கால்பந்தில் 96 பிள்ளைகள். ஹாக்கியில் அணிக்குப் பதினாறு பேர் என்றால் அதுவும் 96. காலைக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் 20 லிட்டர் கேன் பத்து வேண்டும்; மாலைக்குத் தனியாகச் சொல்லிவையுங்கள். கால்பந்தில் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் நடுவர் விசில் ஊதி ஒரு நிமிடம் தண்ணீர் குடிக்க விட வேண்டும். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் நீர்மோரும் போதும். வண்ண வண்ணப் பாட்டில் பானங்கள் தேவையில்லை.

ஆட்டத்துக்கு முன் வாழைப்பழமும் இரண்டு இட்லியும் கொடுக்கலாம். வெண்பொங்கலை ஆட்டம் முடிந்த பிறகே கண்ணில் காட்டுங்கள். நெய்யோடு அதைச் சாப்பிட்டுவிட்டு இறங்கிய பின்வரிசைக்காரர் ஒருவர் முதல் கால்பகுதி முழுக்கத் தூக்கத்தில் நடப்பவர் போல நடந்ததைப் பார்த்திருக்கிறேன். மதியத்துக்கு எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் சரியாக இருக்கும். ஜிகர்தண்டா பரிசளிப்புக்குப் பிறகு.

முதலுதவி மேசையில் ஐஸ் பெட்டி, சுருள் கட்டு, கிருமிநாசினி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஒரு பாக்கெட் பால் ஆகியவை இருக்க வேண்டும். பால் எதற்கென்றால், மட்டை பட்டுப் பல் வேரோடு விழுந்துவிட்டால் அதை வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ தெரிந்தால் அந்த ஆட்டக்காரர் அன்று மறுபடியும் இறங்கக் கூடாது. அவரே கெஞ்சினாலும் கூடாது. 108 வண்டி எந்த வாசல் வழியாக உள்ளே வரும், அந்த வாசலின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போகும் வழி வெளியூர் அணிகளுக்குத் தெரியாது. உள்ளூர்க்காரர் ஒருவர் உடன் போக வேண்டும்.

விருந்தினரும் பரிசளிப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திய போட்டியில் 4:30க்குத் தொடங்க வேண்டிய இறுதியாட்டம், ஆட்டக்காரர்களோடு கைகுலுக்க வேண்டிய விருந்தினருக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தது. அவர் வந்தார், பொன்னாடைகள் போர்த்தினோம், நான்கு பேர் பேசினார்கள். நான்காம் கால்பகுதியில் பந்து எங்கே இருக்கிறதென்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த இருட்டில் எடுத்த கார்னரில் எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குத் தாடையில் ஏழு தையல். தவறு விருந்தினருடையது அல்ல. ஆட்டத்தைத் தொடங்காமல் நின்ற எங்களுடையது. இப்போது அழைப்பிதழிலேயே “விருந்தினர் வருகை மாலை 5:45” என்று அச்சடிக்கிறோம். முன்னதாக வந்தால் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். தாமதமானால் கோப்பையை மன்றத்தின் மூத்த ஆட்டக்காரர் கொடுத்துவிடுவார்.

பரிசளிப்பில் பிள்ளைகளை முதலில் அழைத்து, கலந்துகொண்ட எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுங்கள், மறுநாள் பள்ளிக்கூடம். பெயர் பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே சரிபார்த்துவிட வேண்டும். கோப்பையைவிடப் பெயரில் ஓர் எழுத்துத் தப்புவது வீட்டில் நெடுநாள் பேசப்படும்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு மணி நேர வேலை மிச்சம் இருக்கும். பந்துகளை எண்ணிப் பையில் போட்டு, முகக்கவசக் கூடைகளை எடுத்துவைத்து, சவுக்குக் கம்பு பிடுங்கிய குழிகளிலெல்லாம் மண் போட்டு மிதித்து, டார்ச் விளக்கோடு இரண்டு கோலுக்குப் பின்னாலும் நடந்து பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கிவிட்டு, வாசல் சாவியைக் காவலாளியின் கையில் கொடுங்கள். அவருக்கென்று ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தை மதியமே எடுத்து வைத்திருக்க வேண்டும்.